பழைய சி-10க்குள் 2002 இஞ்சின்: இரும்பை விட வயருக்கு நேரம் கொடுங்கள்

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய 1972 செவர்லே சி-10 பிக்கப்பை எனக்கு விற்றபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்: போர்வை போட்டு மூடி வைக்கக் கூடாது, ஓட்ட வேண்டும். ஓட்டத்தான் வாங்கினேன். ஆனால் ஹூஸ்டன் வெயிலில் அதன் 307 கன அங்குல வி8 படுத்திய பாடு கொஞ்சமல்ல. பெட்ரோல் போட நிறுத்தினால் கார்புரேட்டர் சூடேறி, மறுபடி கிளம்ப அரைமணி ஆகும். ஐ-10 நெடுஞ்சாலையில் எல்லோரும் எழுபது மைலில் போகும்போது, மூன்றே கியர் உள்ள டர்போ 350 கியர் பெட்டி இஞ்சினை அலற வைக்கும். கடைசியில் 2002 சில்வராடோ ஒன்றின் 5.3 லிட்டர் இஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், கம்ப்யூட்டர் மூன்றையும் எடுத்து இதற்குள் வைத்தேன். பாடி, பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டி, உள்ளே இருக்கும் மீட்டர்கள் எல்லாம் அப்படியே பழையவை.

நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்குப் பின்னால் வளர்ந்தவன். அப்பா செயின் பிளாக்கில் இஞ்சின் தூக்குவதைப் பார்த்தபடியே வீட்டுப்பாடம் எழுதியவன். இப்போது ரசாயன ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. இரண்டு பக்கமும் பழகியிருந்தும் தப்பு செய்தேன். இரும்பு வேலை ஆறு வார இறுதிகளில் முடிந்துவிட்டது. "வயர்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளி வைத்ததில் வண்டி ஏழு மாதம் ஷெட்டிலேயே நின்றது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வண்டியின் மின்சாரத்துக்கு விளக்கு, ஹாரன், வைப்பர், ஹீட்டர் இவற்றைத் தாண்டி வேலை கிடையாது. எங்காவது துரு பிடித்து அரை வோல்ட் தொலைந்தால் விளக்கு சற்று மங்கும், அவ்வளவுதான். 2002 இஞ்சினின் சென்சார்கள் பலவும் 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்துப் பேசுகின்றன. அங்கே அரை வோல்ட் தொலைந்தால் கம்ப்யூட்டருக்குப் பொய்த் தகவல் போகிறது. அது அந்தப் பொய்யை நம்பி பெட்ரோலை அளக்கிறது. இந்த மாற்றத்தில் நேரத்தைத் தின்னும் கோளாறுகள் பெரும்பாலும் பழைய வயரும் புது வயரும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும்.

எந்த இஞ்சின், எதையெல்லாம் சேர்த்து வாங்குவது

செவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் 1999 முதல் வந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் இஞ்சின்கள் ஒரே குடும்பம். 5.3இன் பெயர் எல்எம்7. இரும்பு பிளாக், அலுமினியத் தலை, சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். 2002இல் அது 285 குதிரைத்திறன். என் பழைய 307 அதில் பாதிகூடக் கிடையாது. பிளாக்கின் வார்ப்பில் "4.8/5.3" என்றே போட்டிருக்கும், வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இஞ்சின் எடுக்கப்போகும் வண்டியின் வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், எட்டாவது எழுத்தைப் பாருங்கள். டி என்றால் 5.3 எல்எம்7, வி என்றால் 4.8, யு என்றால் 6.0.

2001, 2002 வண்டிகளை நான் தேடியதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவற்றில் பெரும்பாலானவை ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளவை. 2003இலிருந்து பெடல் மின்சாரமாகிவிட்டது. அந்த இஞ்சினை எடுத்தால் பெடல், அதன் மாட்யூல், த்ராட்டில் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இரண்டு, அந்த ஆண்டுகளின் கம்ப்யூட்டர். 12200411 என்ற எண், ஒரு நீல பிளக், ஒரு சிவப்பு பிளக். அதன் புரோகிராமை மாற்றி எழுதத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இஞ்சின், கியர் பெட்டி, கம்ப்யூட்டர், முழு வயரிங், காற்று அளக்கும் சென்சார், ஆக்சிஜன் சென்சார்கள், டைனமோ, பவர் ஸ்டீரிங் பம்ப், அவற்றின் பிராக்கெட்டுகள், ரேடியேட்டரின் இரட்டை மின்விசிறி எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய இஞ்சினோடு வந்த வயரிங்கை, அவசரத்தில் ஃபயர்வால் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஓரத்திலேயே வெட்டி எடுத்திருந்தார்கள். எண்பது வயரின் முனையைத் தேடி நீட்டுவதற்குள் வெறுத்துவிட்டது. இரண்டாவது முறை, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்கு நானே போனேன். ஒவ்வொரு பிளக்கின் கிளிப்பையும் விரலால் அழுத்திக் கழற்ற மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரம் பின்னால் வாரக்கணக்கில் மிச்சமானது.

வாங்கும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் 24 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் தட்டக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர் நிறத்தில் படிந்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 706 என்ற வார்ப்பு எண் உள்ள தலைகளில் சில, விரிசல் விட்டு கூலன்ட்டை ஆயிலில் கலக்கக்கூடியவை.

இஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே பின்பக்க கிராங்க் சீலையும் இஞ்சின் தட்டும் சத்தத்தைக் கேட்கும் இரண்டு நாக் சென்சார்களையும் மாற்றுங்கள். நாக் சென்சார்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியில் தண்ணீர் தேங்கித் துருப் பிடிக்கும். வண்டிக்குள் ஏற்றியபின் அதற்காக மேனிஃபோல்டைக் கழற்றுவது வெட்டி வேலை.

இறக்குவதும் ஏற்றுவதும்

பழைய இஞ்சினை அசைக்கும் முன் ஃபயர்வாலிலிருந்து, கியர் பெட்டி இஞ்சினோடு சேரும் பெல் ஹவுசிங் வரை அளந்து எழுதி வையுங்கள். கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து சேஸ் குறுக்குச் சட்டம் வரையும் அளந்துகொள்ளுங்கள். படமும் எடுங்கள்.

பழைய செவர்லே பிளாக்கின் மவுன்ட்டுக்குப் பக்கத்துக்கு மூன்று போல்ட், புதியதற்கு நான்கு. இரண்டுக்கும் நடுவில் வைக்கும் தட்டுகள் விலைக்குக் கிடைக்கும். பழைய இடத்திலேயே நிறுத்துவது, ஒரு அங்குலம் முன்னே தள்ளுவது, பின்னே தள்ளுவது என்று பல வகை. என் வண்டி பிறப்பிலேயே வி8 என்பதால் சேஸில் உள்ள மவுன்ட்டுகளைத் தொடவில்லை. ஆறு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்று இடங்களில் முட்டும். முதலாவது ஏசி கம்ப்ரஸர். பிக்கப் இஞ்சினில் அது பயணி பக்கம் கீழே தொங்கும், சி-10இன் சேஸில் நேராகப் போய் இடிக்கும். சேஸை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வெட்டவில்லை, கம்ப்ரஸரை மேலே தூக்கி வைக்கும் பிராக்கெட் வாங்கினேன். ஐம்பது வருஷம் தாங்கிய சேஸை ஒரு கம்ப்ரஸருக்காகக் கொத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டாவது ஆயில் சம்ப். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் பிக்கப் சம்ப் தரையில் தட்டும். 1998 முதல் 2002 வரையிலான கமாரோவின் சம்ப் ஆழம் குறைவு. சம்ப்பை மாற்றினால் ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். அது நசுங்கியிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும், பிரஷர் ஏறாது. மூன்றாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஸ்டீரிங் ஷாஃப்ட்டுக்கும் அதற்கும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று, இஞ்சினின் முழு எடையும் மவுன்ட்டில் இறங்கியபின் பாருங்கள். கொக்கியில் தொங்கும்போது பார்த்துப் பயனில்லை.

கியர் பெட்டி 4எல்60இ. முதல் கியர் 3.06, கடைசி 0.70. நெடுஞ்சாலையில் இஞ்சின் மூச்சு வாங்காமல் போவது அந்த 0.70ஆல்தான். டர்போ 350ஐ விட நீளம் என்பதால் மவுன்ட் இரண்டு அங்குலத்துக்கு மேல் பின்னால் போகும். குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும். என்னுடையது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 127 அங்குலம் உள்ள நீள வண்டி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் பேரிங். முன் துண்டை மட்டும் குறைத்தால் போதுமாக இருந்தது. நான்கு சக்கரமும் தரையில் எடையோடு நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஷாஃப்ட் கியர் பெட்டிக்குள் சொருகும் முனையான ஸ்லிப் யோக்கை முழுக்க உள்ளே தள்ளி, முக்கால் அங்குலம் வெளியே இழுத்து, அங்கிருந்து அளந்து கொடுங்கள். வெட்டி பேலன்ஸ் செய்யும் வேலையை அதற்கென்று இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ரேடியேட்டரில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இஞ்சினின் இரண்டு தலைகளையும் சேர்க்கும் சின்ன ஆவிக் குழாய் மேலே இருக்கும். "இது எதற்கு" என்று அடைத்துவிடாதீர்கள். தலையில் சிக்கும் காற்று வெளியேறும் வழி அது. அதை ரேடியேட்டரின் மேல் பகுதியில் சேருங்கள்.

பெட்ரோல்

1967இலிருந்து 1972 வரையிலான சி-10இல் பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். என் மகள் உட்காரும் இடத்துக்கு ஒரு சாண் பின்னால் எழுபது லிட்டருக்கு மேல் பெட்ரோல். எப்படியும் பம்ப் மாற்ற வேண்டும் என்பதால் அதை வெளியே எடுத்துவிட்டேன். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், சேஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பொருந்தும் பிளேஸர் வகை டாங்க் புதிதாகவே கிடைக்கிறது. பம்ப் டாங்குக்குள் மூழ்கியிருப்பதை வாங்குங்கள். சேஸில் மாட்டும் வெளி பம்ப் எங்கள் ஊர் வெயிலில் சூடாகிக் கத்தும்.

பழைய இஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் ஐந்தாறு பிஎஸ்ஐ தள்ளும். இதற்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். பத்து மடங்கு. அதனால் பழைய ரப்பர் குழாய் ஒரு அடிகூட மிஞ்சக் கூடாது. இஞ்செக்ஷனுக்கு என்று எழுதியிருக்கும் குழாய், அதற்கான கிளாம்ப் மட்டும். 2002 இஞ்சினில், இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரயில் என்ற குழாயிலேயே பிரஷர் ரெகுலேட்டர் இருக்கிறது. மிஞ்சும் பெட்ரோல் திரும்பிப் போக டாங்க் வரை இரண்டாவது குழாய் இழுத்தால் முடிந்தது. 2004க்குப் பிந்தைய ரயிலில் ரெகுலேட்டர் இருக்காது. அதற்கு 1999 முதல் 2003 வரையிலான கார்வெட்டின் ஃபில்டரைப் பலரும் போடுகிறார்கள், அதற்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

டாங்க் வாங்கும்போது, பெட்ரோல் அளவைச் சொல்லும் மிதவையின் மின்தடையையும் கேளுங்கள். பழைய மீட்டருக்கு 0 முதல் 90 ஓம் வரை வேண்டும். சில்வராடோ மிதவை 40 முதல் 250 ஓம். அதை மாட்டினால் முள் எப்போதும் தவறாகவே காட்டும்.

வயர்

இதை இஞ்சின் ஏற்றும் முன்பே தொடங்குங்கள். சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் முழு வயரிங். டேப்பை உரித்து, ஒவ்வொரு பிளக்குக்கும் காகிதத்தில் பெயர் எழுதிக் கட்டுங்கள். தேவையில்லாததை உருவுங்கள்: பின்பக்க ஆக்சிஜன் சென்சார் இரண்டு, டாங்க் ஆவி சம்பந்தப்பட்டவை. டெக்ஸாஸில் 24 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குப் புகை சோதனை கிடையாது, கலிபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்குக் கிடையாது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு உருவுங்கள். உருவும்போது வெட்டாதீர்கள். பிளக்கிலிருந்து பின்னைக் கழற்றி முழு வயராக எடுத்தால் வேறு இடத்துக்கு உதவும்.

மிஞ்சியதில் கரண்ட் வர வேண்டிய வயர்கள் இரண்டு ஜாதிதான். ஆரஞ்சு எப்போதும் பேட்டரியோடு. கம்ப்யூட்டரின் நீல பிளக்கில் 20, 57ஆம் பின்கள். பிங்க் சாவி போட்டால் வர வேண்டியது. நீல பிளக்கில் 19ஆம் பின், அதோடு காயில்கள், இஞ்செக்டர்கள், காற்று சென்சார், ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர், கியர் பெட்டி. உங்கள் ஆண்டின் சர்க்யூட் படத்தோடு ஒவ்வொரு பின்னையும் ஒத்துப் பாருங்கள். பெட்ரோல் பம்ப் ரிலேக்குப் போவது பச்சையில் வெள்ளைக் கோடு. அதில் கம்ப்யூட்டர் 12 வோல்ட் கொடுக்கும், எர்த் கொடுக்காது. ரிலேயை மாற்றிக் கட்டிவிட்டு பம்ப் ஓடவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய.

எல்லா பிங்க் வயர்களையும் பழைய இக்னிஷன் ஸ்விட்ச்சில் நேராகத் தொங்கவிடாதீர்கள். ஸ்விட்ச்சிலிருந்து ஒரே ஒரு வயர் ஒரு ரிலேயைத் தட்ட வேண்டும். அந்த ரிலே பேட்டரியிலிருந்து தடித்த வயரில் எடுத்து, ஃபியூஸ் பெட்டி வழியாகப் பிங்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இடது நான்கு சிலிண்டரின் காயில், இஞ்செக்டருக்கு ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். வலது நான்குக்கு இன்னொன்று.

அந்த ஒரே ஒரு வயரை எங்கிருந்து எடுப்பது? என்னுடைய ஏழு மாதத்தில் இரண்டு மாதம் இந்தக் கேள்வியில் போனது.

செல்ஃப் நன்றாகச் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. ஆனால் சாவியை விட்டதும் ஒரு இருமல். பெட்ரோல் பிரஷர் சரி. ஸ்பார்க் சரி. கிராங்க் சென்சாரை மாற்றினேன். கம்ப்யூட்டரைக்கூட வேறொருவரிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒரு ஞாயிறு மாலை அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் கம்ப்யூட்டர் இஞ்சினைக் கழற்றியதே இல்லை. "டெஸ்ட் லேம்பை வெச்சுப் பாத்தியாடா? சாவி போட்டா எரியுதான்னு பாக்காத. அடிக்கும்போது எரியுதான்னு பாரு" என்றார்.

மகளை வண்டிக்குள் சாவியோடு உட்கார வைத்தேன். பானெட்டுக்குக் கீழே நான், லேம்பின் கிளிப் பேட்டரி நெகட்டிவில், முனை ரிலேக்கு வரும் வயரில். சாவி போட்டாள், லேம்ப் பளிச்சென்று எரிந்தது. "அடிம்மா" என்றேன். செல்ஃப் சுற்றத் தொடங்கிய அதே நொடியில் லேம்ப் அணைந்தது. சுற்றுகிற வரை இருட்டு. சாவியை விட்டாள், லேம்ப் எரிந்தது, இஞ்சின் இருமியது. "அப்பா, நான் ஏதும் தப்பா பண்ணிட்டேனா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். தப்பு என்னுடையது. பழைய ஃபியூஸ் பெட்டியில் ஹீட்டர் விசிறிக்குப் போகும் ஃபியூஸிலிருந்து அந்த வயரை எடுத்திருந்தேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் பலம் முழுக்க அதற்கே கிடைக்கட்டும் என்று, பழைய வண்டிகளில் ஹீட்டர், ரேடியோ வகையறாவை ஸ்விட்ச் துண்டித்துவிடும். கம்ப்யூட்டருக்கு உயிர் தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் நான் அதன் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே ஓடும் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் இரண்டிலுமே உயிரோடு இருக்கும் முனையை, இக்னிஷன் ஸ்விட்ச்சின் முதுகிலேயே தேடி எடுங்கள். டெஸ்ட் லேம்பை வைத்து, செல்ஃப் சுற்றும்போதும் அணையவில்லை என்று கண்ணால் பார்த்தபின் கட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன வயரைப் பார்த்ததும் "இதுதான் இக்னிஷன் கரண்ட்" என்று தோன்றும். 1972இல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற தொடுமுனை எரியாமல் இருப்பதற்காக அந்த வயரையே மின்தடை வயராகப் போட்டிருக்கிறார்கள். லோடு ஏறியதும் அதில் 12 வோல்ட் வராது. அதைத் தொடாதீர்கள்.

அடுத்து எர்த். இங்கே கிரவுண்ட் என்பார்கள், எனக்கு அது எர்த்தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிள். பிளாக்கிலிருந்து சேஸுக்கு ஒன்று. சேஸிலிருந்து கேபினுக்கு ஒன்று. ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குத் தானாக எர்த் வராது. வயரிங்கில் வரும் கருப்பு எர்த் வயர்கள் தலைகளின் பின்பக்கம் போல்ட் ஆகும், அவற்றை அங்கேயே வையுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள்.

இறுக்கினால் போதாது, அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனை பிளாக்கில், கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். செல்ஃபைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். எனக்கு முதலில் 0.9 காட்டியது. கேபிள் புதிது, போல்ட் இறுக்கம், ஆனால் பிளாக்கில் நான் அழகுக்கு அடித்த ஆரஞ்சு பெயின்ட் நடுவில் இருந்தது. சுரண்டியபின் 0.1. 0.2க்கு மேல் காட்டினால் மேலே போகாதீர்கள். பிளாக்குக்கும் கேபினுக்கும் இடையிலும் இதே போல அளந்து கொள்ளுங்கள்.

டைனமோ 105 ஆம்பியர். பழைய வண்டியின் சார்ஜ் வயர் அதைத் தாங்காது, உருகும். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் புதிதாகத் தடித்த கேபிள், நடுவில் பெரிய ஃபியூஸ். ஃபெண்டரில் இருக்கும் பழைய தனி ரெகுலேட்டரைக் கழற்றிவிடலாம், இதற்கு ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. சின்ன பிளக்கில் எல் என்ற முனைக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் பல்ப் வழியாகவோ ரெசிஸ்டர் வழியாகவோதான் கொடுக்க வேண்டும்.

வயர் இணைப்புக்கு நான் ஈயம் வைப்பதில்லை. அதிர்கிற இடத்தில், ஈயம் முடியும் எல்லையில் வயர் ஒடியும். நல்ல கிரிம்ப் கருவி, உள்ளே பசையுள்ள சூட்டில் சுருங்கும் டியூப். ஒவ்வொரு கிரிம்ப்பையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போவேன்.

பழைய மீட்டர்களைக் காப்பாற்ற முடியும். சூடு காட்டும் முள்ளுக்குப் பழைய சென்சாரையே, பயணி பக்கத் தலையின் பின்துளையில் அடாப்டர் போட்டு மாட்டுங்கள். கம்ப்யூட்டரின் சென்சாரிலிருந்து கிளை எடுக்காதீர்கள், இரண்டும் பொய் சொல்லும். இஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் போட்டிருந்தால் அதை நான்கு சிலிண்டருக்கு மாற்றி வையுங்கள். இந்தக் கம்ப்யூட்டர் அனுப்பும் துடிப்பு அந்தக் கணக்கில்தான் வரும். ஸ்பீடோ கேபிளைச் சுற்ற 4எல்60இயில் இடம் இல்லை. மின்துடிப்பை வாங்கிக் கேபிளைச் சுற்றித் தரும் சின்ன மோட்டார் பெட்டி கிடைக்கிறது. பழைய முள் அசைவதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காக அந்தச் செலவைச் செய்தேன்.

கம்ப்யூட்டருக்குள் செய்ய வேண்டியது: திருட்டுத் தடுப்பை அணைப்பது, உருவிய சென்சார்களை மறக்கச் சொல்வது, டயர் அளவையும் ஆக்ஸில் விகிதத்தையும் எழுதுவது. திருட்டுத் தடுப்பை விட்டுவிட்டால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணையும். எச்பி ட்யூனர்ஸ் மென்பொருள் வைத்திருக்கும் யாரும் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார்கள். ஓபிடி2 பிளக்கை மறக்காமல் டாஷுக்குக் கீழே மாட்டுங்கள். அது இல்லாமல் நாளை யாரும் இந்த வண்டியிடம் என்ன கோளாறு என்று கேட்க முடியாது.

முதல் ஸ்டார்ட்

இஞ்செக்டர், காயில் ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றுங்கள், பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். பிறகு ஃபியூஸ்களைப் போட்டு, சாவியை மட்டும் மூன்று முறை போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு நொடி ஓடும். ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். 58 பிஎஸ்ஐயில் ஒரு சொட்டு, சொட்டோடு நிற்காது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எங்கள் வண்டி மூன்றாவது சுற்றில் பிடித்தது. 850 சுற்றில் நிலையாக ஓடியது, சூடேறும் வரை கை வைக்கவில்லை. கூலன்ட் குறையும், நிரப்பிக்கொண்டே இருங்கள். ஸ்கேனரை வைத்து, கிராங்க் சென்சாரைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் சடங்கையும் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் பி1336 என்ற கோளாறு எண் வந்து நிற்கும்.

முதல் ஓட்டம் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் மகள். பெரியவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு போனோம். போகும் வழி முழுக்க அவர் பேசவே இல்லை, கையை மட்டும் டாஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டே வந்தார்.

முதல் நூறு மைலுக்குப் பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், மவுன்ட் போல்ட், எர்த் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள், கியர் ஆயில் அளவையும் பாருங்கள். கடைசியாக, எந்த வயர் எந்த ஃபியூஸ், எந்த ரிலே எங்கே, எங்கெங்கே எர்த் என்று ஒரு தாளில் கையால் வரைந்து, லேமினேட் செய்து க்ளவ் பாக்ஸில் வையுங்கள். என் வண்டியின் க்ளவ் பாக்ஸில் பெரியவர் ஆயில் மாற்றிய தேதிகளைப் பென்சிலில் எழுதிய ஒரு சின்ன நோட்டு இருந்தது. என் தாளை அதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.